வைதார் என்று எழுதினேன்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, எங்கள் பள்ளியின் தென்னேரிப் பேருந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தது. வழியில் ஒரு யுகேஜி குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. பேருந்து உதவியாளராக இருந்த பெண் ஏரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லி, குழந்தையை இறக்கி, வாய் கழுவிவிட்டு, சட்டையையும் இருக்கையையும் துடைத்து, மறுபடி ஏற்றி உட்காரவைத்துக்கொண்டு வந்தார். தாமதத்துக்குக் காரணம் அவ்வளவுதான். பள்ளி வாசலில் போக்குவரத்துப் பொறுப்பாளர் நின்றிருந்தார். பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, மற்றப் பேருந்துகளின் ஓட்டுநர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் அந்தப் பெண்ணை வைதார்.

வைதார் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். இந்த ஒரு சொல்லால் ஓராண்டாக மனசுக்குள் வெந்துகொண்டிருக்கிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஊருக்கு வெளியே இருக்கிற தனியார் பள்ளி எங்களுடையது. அங்கே பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். வீடு ஐயம்பேட்டையில். காலையில் கணவர் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிடுவார். மாலையில் தென்னேரிப் பேருந்திலேயே வீட்டுக்குப் போய்விடுவேன். அதனால் வாசலில் நடந்தபோது நான் அங்கே இல்லை. மூன்றாம் பாடவேளையில்தான் எனக்குத் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்று, ஒரு சொல்லைச் சொல்லி, அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். வகுப்பில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தெரியாத சொல்லா, அகராதியை எடு என்று நாள்தோறும் சொல்லிப் பழக்கியவள் நான். அன்றைக்கு அதைச் சொல்ல நா எழவில்லை. எங்கே கேட்டாய் என்றேன். காலையில் பள்ளி வாசலில் சார் பஸ் அக்காவைப் பார்த்துச் சொன்னார் என்றாள். பிள்ளைகள் அந்த உதவியாளரைப் பஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அன்று மாலை பேருந்தில் அவர் வழக்கம்போல் படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தென்னேரிக்காரர். கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். எட்டாம் வகுப்பில் படிக்கிற ஒரு மகள் அரசுப் பள்ளியில். எப்போதும் பிள்ளைகளோடு ஏதாவது பேசிக்கொண்டே வருகிறவர், அன்று சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நல்லா வஞ்சிட்டாரு மிஸ்" என்றார்.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அத கேக்காதீங்க. என் வாயில வராது. செத்துப்போன எங்கம்மாவையும் இழுத்து வஞ்சாரு. அவ்ளோதான் சொல்லுவேன்."

வாலாஜாபாத் சாலையில் லாரிகள் முந்திக்கொண்டு போயின. பிள்ளைகள் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எழுதிக்கொடுத்தால் கேட்பார்களா என்று அவரே கேட்டார். கேட்டது அவர்தான் என்று இன்றுவரை என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் அவர் வாய் மூடுவதற்குள் நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னதும் உண்மை.

அன்றிரவு சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு பக்க விண்ணப்பம். பேருந்து நின்றது, குழந்தையைத் துடைத்தது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது, இதெல்லாம் தானாக வந்துவிட்டது. பொறுப்பாளர் செய்ததைச் சொல்ல வேண்டிய வினைச்சொல்லில் வந்து நின்றுவிட்டேன். அவர் சொன்ன சொற்களை எழுத வேண்டாம் என்று, நான் பேருந்திலிருந்து இறங்கும்போது அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். எனக்கே அவற்றில் ஒன்று தெரியும், மாணவி வாயால் கேட்டிருந்தேன். இருந்தாலும் எழுத முடியாது. ஆக, நடந்த அத்தனையையும் அந்த ஒரு வினைச்சொல்தான் சுமக்க வேண்டும்.

திட்டினார் என்று முதலில் எழுதி அடித்தேன். என் மகனை நானே நாளைக்கு நாலு தடவை திட்டுகிறேன். பாலைக் கொட்டினால் திட்டுகிறோம், செருப்பை மாற்றிப் போட்டால் திட்டுகிறோம். பிறகு கண்டித்தார், கடிந்துகொண்டார். இவை இரண்டும் மகா மோசம். கண்டிக்கிறவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்லாமல் சொல்லிவிடும் சொற்கள் அவை. யாரைக் கண்டிப்பார்கள்? தப்பு செய்தவரைத்தான். தகாத வார்த்தைகளால் பேசினார் என்று செய்தித்தாளில் போடுகிறார்களே, அதைப் போட்டால் கையெழுத்துப் போடுகிறவரே படித்துப் பார்த்துவிட்டு யாருக்கோ நடந்தது என்று நினைத்துக்கொள்வார். கடைசியில் அவர் பேருந்தில் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டேன். வஞ்சாரு. அதன் எழுத்து வடிவம் வைதார். ஒருவர் வைதால், வாங்கிக்கொண்டவரிடம் குற்றம் இருந்தாக வேண்டியதில்லை. குற்றம் முழுக்க வாயைத் திறந்தவருடையது. ‘என்னையும் இறந்துபோன என் தாயாரையும் மாணவர்கள் முன்னிலையில் வைதார்’ என்று எழுதி முடித்தபோது எனக்கு ஒரு திருப்தி வந்தது. அது அவருக்காக வந்த திருப்தியா, என் தமிழுக்காக வந்ததா என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மறுநாள் கைப்பிரதியை அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற அம்மாவிடம் கொடுத்தேன். பள்ளியின் படிவத்தில் அச்சாக வேண்டும் என்பது விதி. அடுத்தடுத்து வகுப்பு இருந்ததால் அச்சான பிரதியை நான் பார்க்கவில்லை. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல்வர் அறையில் விசாரணை என்றார்கள்.

முதல்வர், மூத்த கணக்கு ஆசிரியர், குறிப்பு எழுத அலுவலகக் கண்காணிப்பாளர், இந்தப் பக்கம் பொறுப்பாளர், எதிரில் நானும் அந்தப் பெண்ணும். எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. பக்கத்து அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்ததால் சன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். கண்காணிப்பாளர் விண்ணப்பத்தைச் சத்தமாக வாசித்தார். நன்றாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தார். அந்த இடம் வந்ததும், "என்னையும் இறந்துபோன என் தாயாரையும் மாணவர்கள் முன்னிலையில் வைத்தார்" என்று வாசித்து, நிறுத்தி, மறுபடி ஒருமுறை வாசித்தார்.

"எங்க வெச்சாரு?" என்றார் கணக்கு ஆசிரியர்.

முதல்வர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். கண்காணிப்பாளர் அடக்கவில்லை. பொறுப்பாளரும் சிரித்தார். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு ‘த்’ கூடுதலாக நின்றுகொண்டிருந்தது. அதன் கதை மாலையில்தான் தெரிந்தது. மிஸ் அவசரத்தில் ஒற்றை விட்டுவிட்டார்கள், நாமே போட்டுவிடுவோம் என்று தட்டச்சு அம்மா நல்லெண்ணத்தில் சேர்த்திருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அந்த இடத்தில் நான் செய்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. எழுந்து நின்று விளக்க ஆரம்பித்தேன். இது வைத்தார் அல்ல, வைதார். வை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. இடுதல் என்ற பொருளில் வைத்தான் என்று வரும், ஏசுதல் என்ற பொருளில் வைதான் என்று வரும். வசை என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். இப்படி ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். இப்போதெல்லாம் யார் வைதார் என்று எழுதுகிறார்கள் என்று முதல்வர் கேட்டார். பேச்சில் எல்லோரும் சொல்கிறார்களே, இவரே சொன்ன சொல்தானே என்றேன். திட்டினார் என்று போட்டிருக்கலாம், எங்கள் வீட்டுத் தெலுங்கிலும் அதே சொல்தான், எல்லோருக்கும் புரிந்திருக்கும் என்றார் கணக்கு ஆசிரியர். அவர் நல்ல மனிதர்தான். அவர் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று ஒரு சின்னப் பேச்சு தொடங்கி, கண்காணிப்பாளர் தன் மாமியார் வீட்டில் புழங்கும் சொல்லைச் சொல்லி, அறை கலகலப்பாகிவிட்டது. பொறுப்பாளர் என்ன செய்தார் என்பது போய், சொல் என்ன என்பதே பேச்சாகிவிட்டது. அதைத் தொடங்கிவைத்தவள் நான். அந்தப் பெண் முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

அந்தக் கலகலப்புக்கு நடுவில் பொறுப்பாளர் அமைதியாகச் சொன்னார்: "நான் கண்டிச்சேன், மேடம். லேட்டா வந்தா கண்டிக்கத்தான வேணும்."

கண்காணிப்பாளரின் பேனா அதை எழுதியதை நான் பார்த்தேன். கண்டித்தார் என்பதை ஒத்துக்கொள்ள முடியாது என்றேன். அப்படியானால் என்ன சொன்னார் என்று அந்த அம்மாவே சொல்லட்டும் என்று எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத என் வாயால சொல்ல மாட்டேன் மேடம்" என்றார்.

சொல்லாமல் எதை எழுதுவது என்று முதல்வர் கேட்டார். கேள்வி நியாயமானது போலத்தான் ஒலித்தது. தன்மேல் கொட்டிய குப்பையைத் தானே அள்ளிக்கொண்டுவந்து மேசைமேல் வைத்தால்தான் நம்புவோம் என்பது அதன் பொருள். குறிப்பு இப்படி முடிந்தது: ‘தாமதம் காரணமாகப் பொறுப்பாளர் கண்டித்தார். புகார்தாரர் குறிப்பிட்ட சொல் எதையும் தெரிவிக்கவில்லை. இரு தரப்பும் இணக்கமாகப் பணியாற்ற அறிவுறுத்தப்பட்டது.’ அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார். போடாதீர்கள் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் முதல்வருக்குத் தொலைபேசி வந்துவிட்டது.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேல்முறையீடாகத் தாளாளருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன், இந்த முறை நானே என் கைபேசியில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து. திங்கட்கிழமை மாலை பேருந்தில் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வேணாம் மிஸ், விடுங்க என்றார். ஏன் விட வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு குழந்தையின் தண்ணீர்ப் புட்டியை மூடிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இவ்வளவு பாடுபட்டது யாருக்காக என்ற ஆத்திரம். "உன்ன மாதிரி ஆளுங்க வாய மூடிக்கினு இருக்கறதாலதான் அவன மாதிரி ஆளுங்க பேசறானுங்க. சூடு சொரண வேணாமா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். பின்னாலிருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்தியதை வைத்துத்தான் என் குரல் எவ்வளவு உயர்ந்திருந்தது என்று தெரிந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"மூணு வருசமா நீங்கன்னு கூப்பிட்டீங்க மிஸ். இப்ப நீன்னுட்டீங்க. அவரும் அப்படித்தான் ஆரம்பிச்சாரு" என்றார்.

ஐயம்பேட்டை நிறுத்தத்தில் இறங்கி, பேருந்து போகும்வரை அங்கேயே நின்றேன். வகுப்பில் இன்சொல் என்றும் வன்சொல் என்றும் எத்தனை முறை பலகையில் எழுதியிருப்பேன். எனக்கு அகராதி தெரிகிற அளவுக்கு என் வாய் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். அதன்பிறகு கொஞ்ச நாள் என்னோடு அளந்துதான் பேசினார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு காலையில் அவர் என்ன செய்தார் என்பதைப் பேருந்து ஓட்டுநர்தான் எனக்குச் சொன்னார். பிள்ளைகள் எல்லாம் இறங்கி உள்ளே போகிறவரை காத்திருந்திருக்கிறார். ஓட்டுநர்கள் தேநீர் குடிக்கக் கூடியிருந்த நேரம். பொறுப்பாளருக்கு நேராகப் போய் நின்று, "சார், இந்த எடத்துலதான் அன்னிக்கு என்ன வஞ்சீங்க. இன்னொரு தபா வஞ்சீங்கன்னா, அந்த வார்த்தைய அப்படியே உங்க வூட்டம்மாகிட்ட வந்து சொல்லிட்டுப் போவேன். உங்க பொண்ணு இருந்தாலும் சொல்லுவேன்" என்றிருக்கிறார். பொறுப்பாளர் கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். "சாருக்கு பேஜாரா போச்சு மிஸ்" என்று ஓட்டுநர் சிரித்தார். அதன்பிறகு பொறுப்பாளர் அவரிடம் நேரடியாக ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பினார்.

எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. கூடவே ஒரு எரிச்சலும் இருந்தது என்பதை மறைப்பானேன். என் விண்ணப்பம் இல்லாமலே நடந்த வேலை அது.

ஆனால் கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஏப்ரலில் உதவியாளர்களின் பணியை நீட்டிக்கிற நேரம் வந்தது. எல்லோருக்கும் ஓராண்டு நீட்டித்தார்கள். இவருக்கு மட்டும் மூன்று மாதம். காரணம் கேட்டபோது, ஏற்கெனவே தாமதத்துக்காகக் கண்டிக்கப்பட்டவர் என்று கோப்பில் இருப்பதாகச் சொன்னார்களாம். பேருந்தில் அவர்தான் அதை எனக்குச் சொன்னார். புகார் கொடுத்தவர் இவர். புகாரின் குறிப்பில் எழுதிய ஒரு சொல், வைதவரை விட்டுவிட்டு, வசை வாங்கியவர் மேல் குற்றமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. இதைத்தானே அன்றைக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன்?

மறுநாள் கண்காணிப்பாளரிடம் போய்க் கோப்பைக் காட்டச் சொன்னேன். காட்டினார். அந்த வரியின் கீழே என் விரலை வைத்து, இது தவறு, மாற்ற வேண்டும் என்றேன். கையெழுத்தான பிறகு மாற்ற முடியாது, முதல்வரைக் கேளுங்கள் என்றார். முதல்வர், நடந்து முடிந்ததை ஏன் கிளறுகிறீர்கள் மிஸ், தமிழில் ஒரு சொல் இப்படியும் இருக்கும் அப்படியும் இருக்கும், எல்லாம் ஒன்றுதானே என்றார். எல்லாம் ஒன்றில்லை மேடம் என்றேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைப் பற்றிப் பேசலாமா என்றார். என் மறுப்பை ஒரு தாளில் எழுதிக் கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்று மேசை இழுப்பறையில் போட்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கும். இல்லாமலும் இருக்கலாம்.

மூன்று மாதம் முடிவதற்கு முன்பே அவர் வேலையை விட்டுவிட்டார். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உணவுக்கூட வேலை கிடைத்தது, கம்பெனி வண்டி வாலாஜாபாத்திலிருந்து ஏற்றிக்கொள்கிறது என்றார். கடைசி நாளன்று பிள்ளைகள் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்கள். நான் ஒரு புடவை வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு வாங்கிக்கொண்டார். இப்போது அந்தப் பேருந்தில் வேறொரு பெண் வருகிறார். அவரிடம் நான் முதல் நாளிலிருந்தே கவனமாகப் பேசுகிறேன். அவருக்கு அது விசித்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

போன மாதம் வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் பழைய உதவியாளரைப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தார். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. மகள் ஒன்பதாவது போய்விட்டாள், தமிழில்தான் மதிப்பெண் குறைவு என்று சொல்லிச் சிரித்தார். வேலை எப்படி என்று கேட்டேன். நிற்கிற வேலை, கால் வலிக்கிறது, மற்றபடி பரவாயில்லை என்றார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அங்கே யாரும் வைவதில்லையே என்றேன்.

"வையறாங்க மிஸ். சூப்பர்வைசரு வடநாட்டுக்காரரு. இந்தில வையறாரு."

புரியாதது ஒருவகையில் நல்லதுதான் என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"வார்த்ததான் புரியாது" என்றார். "வையறாருன்னு தெரியாம இருக்குமா?"

அதற்குள் கம்பெனி வண்டி வந்து நின்றது. அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வருகிறேன் மிஸ் என்று சொல்லிவிட்டு, ஏறிக்கொண்டிருந்த பெண்களோடு வரிசையில் போய் நின்றார்.